பனம்பழத்துக்குக் காக்கையிடம் விலை பேசாதீர்கள்

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையாளர் குழு உறுப்பினர்களுக்கு,

நம் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக லேன் கிஃபின் வருகிறார், ஏழு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் என்று 2025 நவம்பர் கடைசியில் செய்தி வந்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்காததுதான் பாக்கி. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. கிஃபின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு ஐந்து வாரம் முன்புதான் அந்த வேலையில் இருந்த பிரையன் கெல்லியை நீக்கியிருந்தீர்கள். ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது சுமார் 5.4 கோடி டாலர். 2021இல் அவருக்கு முன்பிருந்த எட் ஆர்ஜெரானை அனுப்பியபோது 1.69 கோடி. வேலை பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு பேருக்கு ஏழு கோடி டாலர்.

வரிப்பணம் இல்லை, நன்கொடையாளர்கள் தருவது என்பீர்கள். அந்தப் பதிலில் ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரிக்கே நிம்மதி இல்லை என்பதை அக்டோபரில் அவர் பேசியதிலிருந்து ஊரே தெரிந்துகொண்டது. அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. என் முறையீடு வேறு. ஒரு பயிற்சியாளரின் வெற்றியில் அவர் பங்கு எவ்வளவு, அவருக்கு வாய்த்த குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரின், பங்கு எவ்வளவு என்ற கணக்கைப் போடாமலேயே கையெழுத்திடுகிறீர்கள். பிறகு கணக்கு தப்பும்போது ஆளை மாற்றுகிறீர்கள். கணக்குப் போடும் முறை மட்டும் மாறுவதே இல்லை.

இதைத் தமிழில் எழுதுகிறானே என்று நினைக்கலாம். கோபம் வந்தால் ஆங்கிலம் எனக்கு ஒத்துழைப்பதில்லை. தவிர, இந்த ஊரின் ஆற்றங்கரை ஆலைகளிலும் உங்கள் ஆய்வுக்கூடங்களிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது சொல்லிவிடுவார்கள்.

மிசிசிப்பி ஆற்றோரம் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்க்கிறேன். இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், லூசியானாவில் வேரூன்றிய பிரெஞ்சு வழியினரான கேஜன் குடும்பம். கும்போ குழம்பு கிண்டிக்கொண்டே விதிகளைச் சொல்லித் தருவார். மூன்றாவது டவுன் என்றால் பத்து கெஜம் நகரத் தரும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது என்று எனக்குப் புரிவதற்குள் இரண்டு சீசன் ஓடிவிட்டது. அந்த இரண்டாவது சீசன் 2018. ஒஹாயோ ஸ்டேட்டில் பெஞ்சில் உட்கார்ந்தே காலம் கழித்த ஜோ பர்ரோ என்ற பையன் அந்த ஆண்டுதான் இங்கே வந்தான். அவனைப் பார்த்து ஊர் மூர்ச்சையாகிவிடவில்லை. எறிந்ததில் 57.8 சதவீதம் சேர்ந்தது. 2,894 கெஜம், பந்தை எல்லைக் கோட்டுக்குக் கொண்டுசேர்க்கும் டச் டவுன் 16. அணிக்கு 10 வெற்றி, 3 தோல்வி. "நல்ல பையன், அடி வாங்கினாலும் எழுந்து நிற்கிறான்" என்றார் பெரியவர். அதற்குமேல் யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மறு ஆண்டு அதே பையன், அதே தலைமைப் பயிற்சியாளர். 76.3 சதவீதம். 5,671 கெஜம். 60 டச் டவுன். 15 ஆட்டம், 15 வெற்றி, தேசியக் கோப்பை.

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்பதே உங்களிடம் என் முதல் கேள்வி. எல்லாம் பர்ரோவின் கைவண்ணம் என்றால் 2018இலும் அந்தக் கை அவனிடம்தானே இருந்தது? எல்லாம் ஆர்ஜெரானின் திறமை என்றால் 2018இலும் அவர்தானே ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்? நடுவில் என்ன நடந்தது? தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் சிறிய பொறுப்பில் இருந்த ஜோ பிரேடி என்ற 29 வயது இளைஞரை 2019 ஜனவரியில் ஆர்ஜெரான் அழைத்து வந்தார். பல ஆண்டுகளாக ஓட்டத்தையே நம்பிக் கிடந்த அணி ஐந்து பேரைக் களம் முழுக்கப் பரப்பி எறிய ஆரம்பித்தது. முந்தைய ஆண்டு 313 கெஜம் மட்டுமே பிடித்திருந்த ஜமார் சேஸ் 1,780 கெஜம் பிடித்தார். ஜஸ்டின் ஜெஃபர்சன் 875இலிருந்து 1,540க்குப் போனார். பர்ரோவுக்கு முன்னால் நின்ற ஐந்து பேரும் நாட்டின் சிறந்த தாக்குதல் வரிசைக்கான ஜோ மூர் விருதை வாங்கினார்கள். அடுத்த ஏப்ரலில் இந்த அணியிலிருந்து 14 பேரைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் எடுத்துக்கொண்டன.

டெக்சஸுக்கு எதிராக ஆஸ்டினில் ஆடியது நினைவிருக்கும். கடைசி மூன்று நிமிடத்துக்குள், மூன்றாவது டவுன், 17 கெஜம் தேவை. பத்திரமாக ஓடி நேரத்தைத் தின்றுவிடுவார்கள் என்று பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எறிந்தார்கள். ஜெஃபர்சன் பிடித்து ஓடி, 61 கெஜத்துக்கு டச் டவுன் போட்டார். எறிந்த கை பர்ரோவுடையது. எறியலாம் என்ற துணிவு ஓரத்திலிருந்து வந்தது. அந்த ஒரு பந்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரிக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் ஒருவருக்கே நூறு என்று எழுதுவது தவறு என்று மட்டும் இரண்டு தரப்புக்கும் தெரியும்.

அந்த நவம்பர் கடைசியில் டைகர் ஸ்டேடியத்தின் உச்சி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தன் பெயரின் கடைசி எழுத்துகளைக் கேஜன் குடும்பப் பெயர்போல மாற்றிப் பொறித்த சட்டையோடு பர்ரோ ஓடி வந்தபோது, பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். டிசம்பர் 14 அன்று, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது மேடையில் பர்ரோ அழுதார். மூன்று ஆண்டு ஆடாமல் கிடந்தவனை நம்பியவர் ஆர்ஜெரான், அவருக்கு வாழ்நாள் ஒப்பந்தம் கொடுங்கள் என்று கேட்டார். 23 வயதுப் பையன் நன்றிப் பெருக்கில் சொன்ன சொல் அது. அவன் சொல்லலாம். நீங்கள் இரண்டு மாதம்கூடப் பொறுக்கவில்லை: 2020 ஜனவரியில் ஆறு ஆண்டு, 4.2 கோடி டாலர்.

அந்தக் கையெழுத்து விழுந்தபோது பர்ரோ போய்விட்டார். பிரேடி என்.எஃப்.எல். அணியான கரோலினா பாந்தர்ஸுக்குப் போய்விட்டார். தற்காப்பைக் கட்டிய டேவ் அரண்டா பெய்லர் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டார். இத்தனையும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தே, காலியான வீட்டுக்குக் குடித்தனம் நிறைந்திருந்த காலத்து வாடகையைப் பேசினீர்கள். "வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களே" என்று அன்று சொல்லியிருக்கலாம். லாரோஸில் பிறந்து, இந்த வேலையைக் கனவாகச் சுமந்துகொண்டிருந்த மனிதர் அவர். எங்கே போயிருப்பார்?

2020இன் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட் நமக்கு எதிராக 623 கெஜம் எறிந்தது. தொற்றுக் காலம், சேஸ் ஆடவில்லை, புதுத் தற்காப்புப் பயிற்சியாளர். காரணங்கள் உண்டு. 5 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டும் தடுமாற்றம். 2021 அக்டோபர் 16 அன்று ஃபுளோரிடாவை 49-42 என்று வென்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சீசன் முடிவில் போகலாம் என்று அறிவித்தீர்கள். கோப்பை வாங்கி 21 மாதம். அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்த, பாலியல் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதம் குறித்த அறிக்கை தனிச் சங்கதி. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் நான் இல்லை. நீங்கள் அன்று சொன்ன காரணம் களத்து ஆட்டம். நானும் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஊரில் இரண்டு கட்சி உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, ஆர்ஜெரான் வெறும் காக்கை என்பது ஒன்று. ஓலே மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் முன்பு பயிற்சியாளராக இருந்தபோது அவர் 10 வென்று 25 தோற்ற பழைய கணக்கை உடனே எடுத்துப் போடுவார்கள். அவர்தான் பர்ரோவைக் கொண்டுவந்தார், பிரேடியைக் கொண்டுவந்தார், நன்றி கெட்டவர்களே என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கின்றன. எனக்கு இரண்டிலும் முழு மனம் ஒட்டாததற்குக் காரணம் உண்டு. நானும் ஒரு காலத்தில் காக்கையாக இருந்தவன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலைக்கு நான் பொறுப்பாளன். என்னிடம் ஓர் இளம் பொறியாளர் இருந்தார். அனுபவம் போதாது என்று மேலிடம் முகம் சுளித்தும் பிடிவாதமாக நான் எடுத்த பெண். அந்த ஆண்டு எந்தக் குழாயை எப்போது திறப்பது, எந்தக் கிரேன் எங்கே நிற்பது என்ற மொத்தக் கால அட்டவணையும் அவர் தலைக்குள்தான் இருந்தது. இரண்டு நாள் முன்னதாகவே முடித்தோம். பதவி உயர்வு எனக்கு வந்தது. நான் மறுக்கவில்லை. பிறகு அவர் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அடுத்த ஷட்டவுன் ஒன்பது நாள் தாமதம். அவரை எடுத்தது நான். கூட்டங்களில் மூத்தவர்கள் அவர் வாயை அடைக்காமல் பார்த்துக்கொண்டதும் நான். அது சின்ன வேலை இல்லை, அதற்கு எனக்குக் கூலி உண்டு. ஆனால் அவர் போனால் யார் என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் என் கணக்கில் ஏற வேண்டியவை. எனக்குப் பதவி உயர்வு தந்தவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதால் தப்பித்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கணக்கைப் போட முடியும். யாரைக் கொண்டுவந்தார்? வந்தவருக்கு என்ன வழி செய்து கொடுத்தார்? அவர் போனபோது கையில் யாரை வைத்திருந்தார்? ஆர்ஜெரான் முதல் இரண்டிலும் நன்றாகவே தேறினார். மூன்றாவது தேர்வு நடப்பதற்கு முன்பே அதற்கும் சேர்த்துப் பரிசு கொடுத்தீர்கள். பிறகு அதில் தோற்றதற்காக முதல் இரண்டையும் அழித்துவிட்டீர்கள்.

உங்களுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜீன் சிசிக் என்ன ஆனார்? அயோவா ஸ்டேட்டில் 5 வென்று 19 தோற்றுவிட்டு வந்தவர். 2010இல் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் ஒரே ஒரு சீசன் ஆடினார். 14 ஆட்டம், 14 வெற்றி, கோப்பை. 2012இல் அதே சிசிக்கிற்கு 3 வெற்றி, 9 தோல்வி, போட்டிப் பிரிவான எஸ்.இ.சி.யில் ஒன்றுகூட வெற்றி இல்லை. 75 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் உடனே நியூட்டனைக் கைகாட்டியது. ஆனால் அந்தத் தாக்குதலை வடிவமைத்த கஸ் மல்ஸானும் 2011 முடிவில் போய்விட்டிருந்தார். 2013இல் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்து வந்தார்கள். நியூட்டன் இல்லாமலே அந்த ஆண்டு இறுதி ஆட்டம் வரை போனார்.

நட்சத்திரம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு 2016 அக்டோபர் 22ஐ நினைவூட்டுவேன். டெக்சஸ் டெக்கில் பாட்ரிக் மஹோம்ஸ் ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் எறிந்தார். அணி 59 புள்ளி எடுத்தது. ஓக்லஹோமா 66 எடுத்தது. அந்த ஆண்டு அணிக்கு 5 வெற்றி, 7 தோல்வி. பின்னாளில் என்.எஃப்.எல். இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலை மூன்று முறை வென்ற அதே கை.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் வீட்டுக் கதையையே பாருங்கள். 2003 கோப்பையில் குவார்ட்டர்பேக் மாட் மாக். 2007இல் மாட் ஃபிளின். இருவரையும் என்.எஃப்.எல். வீரர் தேர்வின் கடைசிச் சுற்றான ஏழாவதில்தான் எடுத்தது. 2023இல் ஜேடன் டேனியல்ஸ் ஹைஸ்மன் வாங்கினார், ஃபுளோரிடாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 372 கெஜம் எறிந்து 234 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு நமக்கு மூன்று தோல்வி. ஓலே மிஸ்ஸிடம் 49 புள்ளி எடுத்தும் தோற்றோம், அவர்கள் 55. எதிர்ப்பக்கம் நின்ற பயிற்சியாளர் நீங்கள் இப்போது அழைத்து வந்திருக்கும் கிஃபின்தான். அன்று டேனியல்ஸின் கால்கள் மூடி மறைத்த தற்காப்பின் ஓட்டைகளை நாங்கள் உச்சி வரிசையிலிருந்தே பார்த்தோம். கெல்லியின் கையில் அப்போது 9.5 கோடி டாலருக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. அதை எழுதிய நம் விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்டுதான் ஆர்ஜெரானுடையதையும் எழுதியவர். அதற்கும் முன்பு, டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்கு 7.5 கோடி கொடுத்தபோது அங்கே விளையாட்டு இயக்குநராக இருந்தவர். ஃபிஷரின் ஒரே கோப்பை, அங்கே போவதற்கு முன்பு, ஜேமிஸ் வின்ஸ்டன் குவார்ட்டர்பேக்காக இருந்த 2013இல் வந்தது. ஏ அண்ட் எம் 2023இல் அவரை வெளியேற்ற ஒப்புக்கொண்ட தொகையும் 7.5 கோடிக்கு மேல். உட்வர்டும் இப்போது போய்விட்டார். அவர் எழுதியவற்றுக்கு ஒப்புதல் தந்த நாற்காலிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

இன்னொன்று சொல்லாமல் விட முடியவில்லை. 2020 ஜனவரியில் ஆர்ஜெரானுக்கு 4.2 கோடி எழுதியபோது, அதைச் சம்பாதித்துக் கொடுத்த பையன்களுக்குப் படிப்பு, தங்கும் செலவுக்கு மேல் கல்லூரி விளையாட்டு விதிகளின்படி சம்பளம் என்று ஒரு காசு கொடுக்க வழியில்லை. கோப்பை வென்ற இரவில் நம் பழைய வீரர் ஒடெல் பெக்கம் களத்தில் நின்று பணத்தாள்களைக் கையில் திணித்தாரே, அவர்கள் நேரில் கண்ட கூலி அதுதான். இன்று நிலைமை மாறிவிட்டது. 2025 முதல் ஒரு பல்கலைக்கழகம் நேரடியாக வீரர்களுக்குத் தரலாம்; முதல் ஆண்டுக்கான வரம்பு 2.05 கோடி டாலர். நட்சத்திரத்தின் விலையை நட்சத்திரத்துக்கே கொடுக்க இப்போது வழி இருக்கிறது. பயிற்சியாளர் சம்பளத்துக்குள் அதை ஒளித்து வைக்க வேண்டிய தேவை இல்லை.

ஆகவே கேட்கிறேன்.

கோப்பை வந்த சீசனிலோ, குவார்ட்டர்பேக் ஹைஸ்மன் வாங்கிய சீசனிலோ தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை நீட்டிக்காதீர்கள். அடுத்த குவார்ட்டர்பேக் ஒரு முழு சீசன் ஆடி முடிக்கும்வரை பொறுங்கள். அந்த ஆண்டுக்கான பரிசுத் தொகையைத் தாராளமாகக் கொடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எதிர்கால ஆண்டுகளை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நீக்கினால் தர வேண்டிய தொகைக்கு ஓர் ஆண்டுச் சம்பளம் என்று உச்சவரம்பு வையுங்கள். வேறு இடத்தில் வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் இதில் கழிய வேண்டும். கிஃபினின் ஒப்பந்தத்தில் இனி கை வைக்க முடியாது என்றால், அடுத்த நீட்டிப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஒப்புதல் வாக்கெடுப்புக்கு முன்பு நான்கு பக்கமாவது எழுத்தில் வெளியிடுங்கள்: இவர் எத்தனை குவார்ட்டர்பேக்குகளோடு வென்றார், துணைப் பயிற்சியாளர்கள் மாறிய ஆண்டுகளில் என்ன ஆனது, நட்சத்திரம் போன மறு ஆண்டு எப்படி இருந்தது. கிஃபினுக்கு இந்தத் தேர்வு கெடுதல் செய்யாது. ஓலே மிஸ்ஸில் அவருடைய குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட் முதல் சுற்றில் என்.எஃப்.எல். போன அதே 2025இல், இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து வந்த டிரினிடாட் சாம்ப்லிஸை வைத்து வென்றவர் அவர். இதை நீங்களே எழுதி வெளியிட்டிருந்தால் என் வயிறு இவ்வளவு கலங்கியிருக்காது. நீக்கும்போதும் அதே தாளை எடுத்து வைத்து, எந்த வரியில் தவறினார் என்று சொல்லுங்கள்.

பிரேடியையும் அரண்டாவையும் போன்றவர்களைத் தக்கவைக்கத் தனி நிதி ஒதுக்குங்கள். தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்தில் கூட்டுவதற்கு முன்பு அதை நிரப்புங்கள்.

உங்கள் அடுத்த பொதுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயர் கொடுத்து இந்த நான்கையும் கேட்பேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார். அன்று ஆங்கிலத்தில்தான் பேசுவேன், ஆகவே கோபம் கொஞ்சம் குறைவாக இருக்கும். பதிலை மட்டும் எழுத்தில் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
பேட்டன் ரூஜிலிருந்து,
உச்சி வரிசை டிக்கெட்காரன் ஒருவன்